மூன்றாவது பொட்டு

என் வேலை என்ன என்று அம்மாவுக்கு மூன்று முறை விளக்கியிருக்கிறேன். முதல் முறை, கட்டடம் கட்டும் இடங்களில் கேமரா வைத்திருப்பார்கள், நான் அலுவலகத்திலிருந்து பார்ப்பேன் என்றேன். இரண்டாம் முறை, யாராவது ஹெல்மெட் இல்லாமல் நடந்தால் கணினி மணியடிக்கும், நான் ஒலிபெருக்கியில் கூப்பிட்டுச் சொல்வேன் என்றேன். மூன்றாம் முறை காகிதத்தில் படமே வரைந்து காட்டினேன். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நாங்கள் குடியிருக்கும் மராத்தி ஊரான கட்கியில், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது இது: "நாள் பூரா டிவி பாக்குற வேலை. ஏசி ரூம். நடுவுல நடுவுல யாரையாவது திட்டணும்."

இதைவிடச் சரியாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த ஏசி ரூம் ஔந்தில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. யாரோ குடியிருக்கக் கட்டிய வீடு. நான் உட்காரும் அறை சமையலறையாக இருந்தது என்பது சுவரில் மிச்சமிருக்கும் டைல்ஸைப் பார்த்தால் தெரியும். அடுப்பு மேடை இருந்த சுவரில் இப்போது ஒரு பெரிய திரை. அதில் நாலுக்கு நாலாகப் பதினாறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு சைட். இடது பக்கக் கீழ் மூலையில் இருக்கும் பதின்மூன்றாம் கட்டம் ஆகுர்டி. அங்கே பதினோராவது மாடிக்கு மேல்தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் சிவில் படித்தவள். பட்டியல் போடாமல் எனக்குக் காய்கறி வாங்கத் தெரியாது. வேலையில் சேர்ந்த மாதமே, கேமராவில் எதையெல்லாம் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பதினான்கு விதிகள் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, ஹெல்மெட். இரண்டு, ஹெல்மெட்டின் தாடை வார். மூன்று, உயரத்தில் நின்றால் இடுப்பு பெல்ட்டின் கொக்கியை மேலே மாட்டியிருக்க வேண்டும். இப்படியே போய், ஒன்பதாவது: கேமராவை மூடுவதோ திருப்புவதோ அதன் மேல் எதையும் பூசுவதோ கூடாது. விதியை மீறியவரின் கேட் பாஸ் எண்ணுக்கு எதிரே கணினியில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். மூன்று புள்ளி விழுந்தால் கேட் பாஸ் ரத்து. அந்த சைட் மட்டுமல்ல, அந்த பில்டரின் எந்த சைட்டுக்குள்ளும் நுழைய முடியாது. மூன்று என்ற எண்ணையும் நான்தான் போட்டேன். இரண்டு கொடுமையாகத் தெரிந்தது. நான்கு தளர்வாகத் தெரிந்தது.

ஒலிபெருக்கியில் என் முதல் நாளை ஆகுர்டி இன்னும் மறக்கவில்லை. சாரத்தின் மேல் ஐந்தாறு பேர் வெறும் தலையோடு நின்றார்கள். சூப்பர்வைசர்கள் மராத்திக்காரர்கள் என்பதால் மராத்தியிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மனதில் தமிழ்தான் ஓடியது: எல்லாரும் தொப்பி போடுங்க. அதை அப்படியே மாற்றி, தெளிவாக, உச்சரிப்புச் சுத்தமாக, "டோப்பீ காலா" என்றேன்.

மராத்தியில் ஒருவருக்குத் தொப்பி போடுவது என்றால் அவரை ஏமாற்றுவது. சைட் முழுக்கக் கேட்கும் ஒலிபெருக்கியில், மேலிடத்திலிருந்து, எல்லோரும் ஏமாற்றுங்கள் என்று உத்தரவு வந்திருக்கிறது. முதலில் மராத்திக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்கள் இந்திக்காரர்களுக்கு விளக்க, இரண்டாவது சுற்றுச் சிரிப்பு எழுந்தது. நான் மைக்கை அணைக்க மறந்து, "ஐயோ, இப்ப என்னத்துக்கு இதுங்க சிரிக்குதுங்க?" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதுவும் சைட் முழுக்கக் கேட்டது.

கம்பத்தில் கேமராவோடு ஒரு மைக்கும் உண்டு. அதற்குக் கீழே வந்து நின்ற ஒரு மஞ்சள் ஹெல்மெட் அண்ணாந்து பார்த்தது.

"தமிழாம்மா நீ?"

விதிப்படி ஒலிபெருக்கியில் சொந்தப் பேச்சு கூடாது.

"தமிழுதான். எந்த ஊரு?"

"கட்கி," என்றேன்.

"அது இங்க. சொந்த ஊரு?"

"அப்பாவுக்கு ஆற்காடு. நீங்க ஹெல்மெட் பட்டிய மாட்டுங்க, அண்ணே."

"மாட்டுறேன். நீ தொப்பி போடாம இருந்தா சரி."

அவர் சென்ட்ரிங் மேஸ்திரி. கள்ளக்குறிச்சிப் பக்கம். அந்த பில்டரின் சைட்டுகளிலேயே பதினோரு வருடமாக வேலை. அவரை நம்பி ஊரிலிருந்து வந்த எட்டுப் பேர், அந்த எட்டுப் பேருக்கும் லேபர் காலனியில் சமைத்துப் போடும் அவர் மனைவி, எல்லாம் அந்த ஒரு கேட் பாஸைச் சுற்றித்தான். இதையெல்லாம் அவரே கேமராவைப் பார்த்து, தவணை முறையில் சொன்னது. நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. கம்பத்தின் மேலிருந்து எனக்குத் தெரிவது ஹெல்மெட்டின் உச்சி, தோள்கள், நடை. அவருடைய ஹெல்மெட்டின் பின்பக்கம் காய்ந்த சிமெண்ட் ஒரு பல்லி வடிவத்தில் ஒட்டியிருக்கும். அந்தப் பல்லியை வைத்துத்தான் அடையாளம்.

சைட்டில் எனக்கு வேறு பெயர் வைத்தார்கள். இந்தியில் ஊப்பர்வாலா என்றால் மேலே இருப்பவன், அதாவது கடவுள். நான் ஊப்பர்வாலி ஆனேன். ஔந்தில் சமோசா தின்றுகொண்டிருக்கும்போது, பதின்மூன்றாம் கட்டத்தில் ஒருவர் இன்னொருவரிடம் "கொக்கியை மாட்டு, ஊப்பர்வாலி பார்க்கிறாள்" என்று சொல்வது கேட்கும். சமோசாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவேன்.

மேஸ்திரிக்கு முதல் சிவப்புப் புள்ளி, தளத்தின் விளிம்புத் தடுப்பின் மேல் உட்கார்ந்து போன் பேசியதற்கு. இரண்டாவது, வெளிச் சாரத்தில் கொக்கி மாட்டாமல் நடந்ததற்கு. மூன்று தரம் கூப்பிட்டுச் சொன்னேன். மூன்று தரமும் "இதோ ஒரு நிமிசம்மா" என்றார். புள்ளி போட்டுவிட்டேன். மறுநாள் காலை பல்லி கம்பத்தடியில் வந்து நின்றது.

"ரெண்டு பொட்டு வெச்சுட்ட."

"அது பொட்டு இல்ல அண்ணே, ரெட் மார்க்."

"செவப்பா வட்டமா இருந்தா பொட்டுதான். சூப்பர்வைசர் போன்ல காட்டுனாரு. என் பேருக்கு நேரா ரெண்டு. மூணாவது வெச்சா மூட்டை கட்டணுமாமே?"

"ஆமா."

"எட்டுப் பேரோட?"

"அவங்களுக்கு இல்ல. உங்களுக்கு மட்டும்."

"நான் போனா அவனுங்க யாருகிட்ட நிப்பானுங்க? என் வூட்டுக்காரி குக்கர எங்க தூக்கினு போவா?" இடுப்பு பெல்ட்டின் கொக்கியைக் கையில் எடுத்தார். "செரி, நீ எழுதுனதுதானே, நீயே பாத்துக்க."

அன்றிலிருந்து அவர் கொக்கி மாட்டாமல் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. மாட்டிவிட்டு அதை ஒரு தரம் இழுத்து, கேமரா பக்கம் திரும்பிக் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். எனக்கு அந்த இழுப்பைப் பார்த்தால்தான் நாள் தொடங்கியது போலிருக்கும்.

வாரம் ஒரு நாள் ஒலிபெருக்கியில் ஐந்து நிமிடம் பாதுகாப்புப் பேச்சு. ஒரு வாரம், கேமரா எதற்கு எங்களையே முறைக்கிறது என்று புகார் வந்திருந்தது. நான் இந்தியில் விளக்கினேன். மேஸ்திரியின் ஆட்களுக்காகத் தமிழிலும் சொன்னேன்: "கேமரா உங்களுக்கு எதிரி இல்ல. கொத்துக் கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு மாதிரி இதுவும் உங்க வேலைக்கு ஒரு சாமான். அதுங்கள எப்படிப் பாத்துக்கறீங்களோ அப்படி இதையும் பாத்துக்கங்க."

நல்ல உவமை என்று எனக்கே தோன்றியது. அதைக் குறித்தும் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கண்டேநவமி வந்தது. நம் ஆயுத பூஜை நாளுக்கு இங்கே அதுதான் பெயர். எங்கள் அலுவலகத்தில் டீயிலிருந்து சாவிக்கொத்து வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் ஒரு மராத்தி அம்மாள். எல்லோருக்கும் அவர் மாவ்ஷி, அதாவது சித்தி. காலையில் வந்ததும் எங்கள் லேப்டாப், சார்ஜர், போன் எல்லாவற்றையும் வாங்கி ஒரு ஜமக்காளத்தில் அடுக்கி, மேலே செண்டுமல்லியைக் கொட்டினார். என் போன் எங்கோ பூவுக்கு அடியில் இருந்தது. பிறகு மஞ்சள் குங்குமக் கிண்ணத்தோடு என் அறைக்கு வந்தார்.

"மாவ்ஷி, ஸ்க்ரீன் மேலே வேண்டாம், ஓரத்துச் சட்டத்துல வைங்க," என்று இந்தியில் சொன்னேன்.

"சட்டமா சம்பளம் தருது?" என்றார் மாவ்ஷி. அவருக்கு எட்டியது கீழ் வரிசைதான். பதின்மூன்றாம் கட்டத்தின் அடியோரத்தில் பெருவிரலால் அழுத்தி ஒரு குங்குமம் வைத்தார். நன்றாகக் குழைத்த குங்குமம்.

இதுவரை நடந்ததில் யாருக்கும் தவறில்லை. இனி வருவது என் கணக்கு.

பத்தரை மணியளவில் பதின்மூன்றாம் கட்டம் முழுக்கச் சிவப்பாக இருப்பதைப் பார்த்தேன். மாவ்ஷியின் குங்குமம் வழிந்துவிட்டது என்று நினைத்தேன். துப்பட்டா நுனியால் துடைத்தேன். கொஞ்சம் இழுவிக்கொண்டது, ஆனால் கட்டம் அப்படியே சிவப்பு. தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். கண்ணாடிக்குள் இறங்கிவிட்டதோ என்று பயந்து, திரையின் உத்தரவாதக் காலத்தை ஒருமுறை சரிபார்த்தேன். பூஜை முடிந்ததும் கண்ணாடி துடைக்கும் திரவம் வாங்கி வரச் சொல்ல வேண்டும் என்று பட்டியலில் எழுதினேன். அதற்குள் மாவ்ஷி பேடா கொண்டுவந்தார். இரண்டு தின்றேன்.

கேமராவை ஏதாவது மறைத்தால் கணினி இரண்டு வழியில் எச்சரிக்கும். ஒன்று, என் போனுக்குச் செய்தி. என் போன் பூவுக்கு அடியில். இரண்டு, அந்தக் கட்டத்தின் அடியோரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி. அடியோரத்தில் மாவ்ஷியின் குங்குமம்.

நாற்பது நிமிடம் இப்படிப் போனது. நாலாவது தரம் துடைக்கக் கை நீட்டியபோது, சிவப்பின் நடுவே, மேலேயிருந்து ஒரு செண்டுமல்லிச் சரத்தின் நிழல் மெல்ல இறங்கி வந்து ஆடியது. விரலை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி வழவழவென்றிருந்தது. பூ உள்ளே இருந்தது.

மைக்கை அழுத்தினேன். "ஆகுர்டி. கேமராவுல என்ன?"

"பூசை வெச்சிருக்கோம்மா, இப்பத்தான் மாலையோட மறுபடி ஏறுனேன்," என்றது மேஸ்திரியின் குரல், மிகப் பக்கத்தில். "தெரியுதா?"

"ஒண்ணுமே தெரியல, அண்ணே."

"கண்ணு நெறையப் பொட்டு வெச்சிருக்கேன், எப்படித் தெரியும்? கரண்டிக்கு வெச்சோம், மட்டத்துக்கு வெச்சோம், குண்டுக்கு வெச்சோம். நீதான சொன்ன, இதுவும் ஒரு சாமான்னு. உன்ன மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்?"

கீழேயிருந்து யாரோ தமிழில் கத்தினார்கள்: "மேஸ்திரிக்கு அது ரெண்டு வெச்சுது, மேஸ்திரி அதுக்கு ஒண்ணு வெச்சிட்டாரு." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. "என்னாம்மா?" என்றார்.

"அண்ணே, அது ஒன்பதாவது ரூல்."

"ஒம்பது எது?"

"கேமரா மேல எதையும் பூசக் கூடாது."

பூசையில் யாரோ ஆட்டிய மணி நின்றது.

"குங்குமம் பூசுறதா?" என்றார். "வெக்கிறது இல்ல?"

விதியை எழுதியவள் நான். வைப்பதற்கும் பூசுவதற்கும் வித்தியாசம் எனக்கும் தெரியும். கணினிக்குத் தெரியாது. அது ஏற்கெனவே ஒரு புகாரைத் திறந்துவிட்டிருந்தது.

"அப்படின்னா மூணாவது பொட்டு," என்றார் அவர். கேள்வியாகச் சொல்லவில்லை. கூடவே, "பேடா வாங்கியாந்தேன், உனக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கு," என்றார். பிறகு அவர் ஏணியில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் கொக்கியைக் கழற்றி மாட்டும் கிளிக், கிளிக்.

அந்தக் கிளிக்கைக் கேட்டுத்தான் பதிவைப் பின்னோக்கி ஓட்டினேன். பத்து மணிக்குச் சற்று முன்னால் வேலை முழுக்க நின்றிருக்கிறது. கருவிகள் எல்லாம் ஒரு பலகையில் வரிசையாக. மேஸ்திரி ஏணியில் ஏறுகிறார். ஹெல்மெட் கழுவியிருக்கிறது, பல்லியைக் காணோம். தாடை வார் இறுக்கமாக. படிக்குப் படி கொக்கி. கீழே ஒருவர் ஏணியைப் பிடித்திருக்கிறார், அதுவும் ஏழாம் விதிப்படி. பதினான்கு விதிகளையும் ஒருவர் ஒரே நேரத்தில் கடைப்பிடித்து நான் பார்த்தது அதுவரை இல்லை. பதின்மூன்று என்று சொல்ல வேண்டும். கடைசியில் முகம் முழுக்கக் கட்டத்தில் நிறைகிறது: நரைத்த மீசை, விபூதி, வெட்கம் கலந்த சிரிப்பு. பிறகு ஒரு பெரிய விரல். பிறகு சிவப்பு.

புகாரை மூட ஒரு படிவம் உண்டு. அதில் "பொறுப்பானவர்" என்ற இடத்தை நிரப்பாமல் மூட முடியாது. தசராவுக்கு மறுநாள் மாலைக்குள் யாரும் நிரப்பாவிட்டால், கணினியே கடைசியாகப் பார்த்த முகத்தை கேட் பாஸ் படத்தோடு ஒப்பிட்டு நிரப்பிக்கொள்ளும். அவ்வளவு பெரிய, அவ்வளவு தெளிவான முகம் அந்தக் கேமராவில் அதற்கு முன் விழுந்ததே இல்லை.

தசரா அன்று வீட்டில் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். ஒன்று, சும்மா இருப்பது, கணினி பார்த்துக்கொள்ளும். இரண்டு, காரணம் என்ற இடத்தில் நெட்வொர்க் கோளாறு என்று எழுதுவது. ஆகுர்டியில் அது வாரத்துக்கு இரண்டு தரம் உண்மைதான். மூன்று, குங்குமம் வைத்தது அவர் என்றாலும் நாற்பது நிமிடம் கண்ணெதிரே இருந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தது நான் என்று எழுதுவது. பூசை நடந்ததால் மேலே யாரும் வேலை செய்யவில்லை. செய்திருந்தால், அந்த நாற்பது நிமிடத்தில் ஒருவர் விழுந்திருந்தாலும் நான் உத்தரவாத அட்டையைத்தான் படித்துக்கொண்டிருந்திருப்பேன். மூன்றாவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதனாலேயே அதுதான் சரியாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது.

அம்மா பட்டியலை எட்டிப் பார்த்தாள். "டிவியத் தொடச்சதுக்கா இவ்வளவு?" என்றாள்.

மறுநாள் காலை படிவத்தில் என் பெயரை எழுதினேன். படிவம் ஏற்கவில்லை. பொறுப்பானவர் என்ற இடம் கேட் பாஸ் எண்ணை மட்டுமே ஏற்கும். எனக்கு கேட் பாஸ் கிடையாது. ஒன்றரை வருடமாக அந்த சைட்டில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த நான், ஒரு நாள்கூட அங்கே கால் வைத்ததில்லை.

கட்கியில் மெட்ரோ ஏறி, பிம்ப்ரியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஆகுர்டி போனேன். கேட்டில் காவலாளி பாஸ் கேட்டார். பாஸ் வாங்கத்தான் வந்தேன் என்றேன். புதிதாக வருபவர் முதலில் பயிற்சியில் உட்கார வேண்டும் என்று கண்டெய்னர் அறையைக் காட்டினார்.

அங்கே நாலு பெயிண்டர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பாதுகாப்புப் படம் பார்த்தேன். படத்தில் வரும் குரல் என்னுடையது, ஒலிபெருக்கியின் முதல் நாளுக்கு முன்பே பதிவு செய்தது. அந்த வாக்கியத்தை யாரும் இன்னும் வெட்டவில்லை. "டோப்பீ காலா" என்று நான் சொன்னதும் பெயிண்டர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு பத்துக் கேள்விகள். ஒன்பது சரி. பத்தாவது: ஆபத்தில் எல்லோரும் கூட வேண்டிய இடத்தைக் கையால் காட்டுங்கள். திரையில் அது எப்போதும் இடது பக்கம். இடது பக்கம் காட்டினேன். அது கழிவறை.

பயிற்சி நடத்தியவர் அந்த பில்டரின் பாதுகாப்பு அதிகாரி. மராத்திக்காரர், ஐம்பது வயதிருக்கும். தினமும் மின்னஞ்சலில் பேசுபவர். நேரில் அன்றுதான் பார்க்கிறேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இந்தியில் கேட்டார்:

"கேமராவை மூடினது அவன். நீ எதுக்கு உன் எண்ணைப் போடணும்?"

"கேமராவும் ஒரு கருவின்னு சொல்லிக் கொடுத்தது நான், சார். நாற்பது நிமிஷம் கவனிக்காம இருந்ததும் நான்."

"நாளைக்கு எல்லாரும் பூஜைன்னு சொல்லி கேமராவை மூடுவாங்க. ரூல் ரூல்தான். கருவிக்குக் குங்குமம் வைக்கறவனுக்கு, எது கண்ணு, எது உடம்புன்னு தெரிய வேண்டாமா?"

அந்த நேரத்தில் அவருடைய காரை நகர்த்தச் சொல்லி காவலாளி வந்தார். கான்கிரீட் வண்டி உள்ளே வர வேண்டும். நானும் பின்னாலேயே போனேன். வெள்ளைக் கார், முன்னால் காய்ந்த செண்டுமல்லி மாலை. அவர் உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டார். டாஷ்போர்டில் இருந்த சின்னத் திரை முழுக்கச் சிவப்பு. அவர் ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்துப் பார்த்துக் காரை நகர்த்தினார். நான் காரின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நம்பர் பலகைக்கு மேலே இருக்கும் குட்டிக் கேமராவின் நடுவில், அச்சு வைத்தது போல ஒரு குங்குமம்.

அவர் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார்.

"என் மனைவி வெச்சது," என்றார்.

"எத்தனை நாளா சார்?"

"இன்னைக்கு மூணாவது நாள்." பிறகு, "நாற்பது நிமிஷம்னா சொன்ன?" என்றார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். கேட் பாஸ் வந்தது. படிவத்தில் அந்தப் புது எண்ணை அவரே தட்டினார். இந்த முறை ஏற்றுக்கொண்டது. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதலாம் என்று கேட்டார். எச்சரிக்கையைத் திரையிலிருந்த குங்குமம் மறைத்ததால் இயக்குபவர் கவனிக்கவில்லை என்று சொன்னேன். "குங்குமத்துக்குக் குங்குமம்," என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். பத்து நிமிட வயதான என் பாஸ் எண்ணுக்கு எதிரே ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. ஒன்பதாம் விதிக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பூஜை கம்பத்துக்கு மட்டும், கண்ணாடிக்கு அல்ல, வைக்கும் முன் மேலே கேட்டுக்கொள்ளவும். தன் மனைவிக்கும் அனுப்ப அதில் ஒரு நகல் கேட்டார்.

எனக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்து, லிஃப்டில் மேல்தளத்துக்கு அழைத்துப் போனார். அங்கே முப்பது பேர். எனக்கு ஒருவரையும் தெரியவில்லை. எல்லோருக்கும் முகம் இருந்தது. எனக்கு முகங்கள் பழக்கமில்லை. பதிவில் பார்த்த நரைத்த மீசை ஐந்தாறு பேருக்கு இருந்தது. பல்லியைத் தேடினேன், அதுதான் கழுவிப் போயிருந்ததே. கம்பத்தைப் பார்த்தேன். கேமராவைத் துடைத்திருந்தார்கள், ஓரத்தில் மட்டும் இளஞ்சிவப்பாக ஒரு கறை.

"அண்ணே," என்று பொதுவாகக் கூப்பிட்டேன்.

ஒரே ஒருவர் கேமராவை அண்ணாந்து பார்த்தார். அவரேதான்.

"இங்க இருக்கேன், அண்ணே."

திரும்பினார். நான் அவர் தோளுக்குத்தான் இருந்தேன். "இவ்வளவுதானா நீ?" என்றார். "மேல இருந்து பேசறப்ப பெருசாத் தெரியும்."

"உங்க பாஸ் அப்படியே இருக்கு. மூணாவது உங்களுக்கு இல்ல."

"பின்ன யாருக்கு?"

என் பாஸ் எண்ணுக்கு எதிரே விழுந்திருந்ததை அதிகாரியின் போனில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். போனை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பக்கத்தில் நின்றவரிடம், "உங்க அக்காகிட்ட சொல்லு, குக்கர் இங்கயேதான்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, முகத்தை மிகவும் சாதாரணமாக வைத்துக்கொண்டு:

"தாடை வாரு போடலியேம்மா."

கையை வைத்துப் பார்த்தேன். வார் காதோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது ரூலு," என்றார். "நீ எழுதுனது."

அவன் என்ன சொல்கிறான் என்று அதிகாரி என்னிடம் கேட்டார். மொழிபெயர்த்தால் எனக்கு இரண்டாவது புள்ளி. ஒரு கணம் யோசித்தேன். மொழிபெயர்த்தேன். அவர் வாட்சைப் பார்த்து, முதல் நாள் என்பதால் வாய் எச்சரிக்கை போதும் என்றார். மேஸ்திரி, இரண்டு நாளாகப் பொட்டலத்தில் வைத்திருந்த பேடாவை நீட்டினார். கல்லாகியிருந்தது. தின்றேன்.

மறுநாள் காலை ஔந்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பதின்மூன்றாம் கட்டத்தின் இடது ஓரத்தில் அந்தக் கறை இன்னும் இருந்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் நெற்றியில் குங்குமத்தோடு போனார்கள். மேஸ்திரி கம்பத்தடிக்கு வந்தார். கொக்கியை மாட்டினார். ஒரு தரம் இழுத்தார். கேமரா பக்கம் திரும்பிக் காட்டினார். பிறகு புதிதாக ஒன்று செய்தார்: விரலால் தன் தாடையை இரண்டு தட்டுத் தட்டி, மேலே பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

ஏசி அறையில், மருந்துக்கடைக்கு மேல், நான் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.